உரித்தால் வந்துவிடும் வண்ணம்

ஒரு கார் வாங்கி நான்கைந்து ஆண்டுகள் ஓடிவிட்டால் முதலில் வயது காட்டுவது அதன் ரிம்தான். கூரையையும் கதவையும் கழுவித் துடைத்தால் பழைய பளபளப்பு ஓரளவு திரும்பிவிடும். ரிம்மில் அது நடப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள் சூட்டோடு போய் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. ராஜபாளையத்தின் நெரிசலான கடைத்தெருவில் வண்டியை ஓரங்கட்டினால் வாறுகால் திண்டில் உரசுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே கரிசல்காட்டுப் பாதையில் மழைநாளில் போய்வந்தால் அப்பிய மண் காய்ந்து இறுகிவிடுகிறது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பளபளப்பும் கொஞ்சம் சேர்ந்து போய்விடுகிறது.

இதற்கு வழக்கமான வழிகள் மூன்று. டிங்கரிங் பட்டறையில் கொடுத்து, பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, புது பெயிண்ட் அடிக்கலாம். பவுடர் கோட்டிங் செய்யலாம். இல்லையென்றால் புது ரிம்மே வாங்கிவிடலாம். மூன்றுக்கும் செலவு உண்டு. மூன்றுமே நிரந்தரமானவை, நிறம் பிடிக்காமல் போனாலும் அதோடுதான் காலம் தள்ள வேண்டும்.

நான்காவதாக ஒரு வழி வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. டப்பாவை அமுக்கினால் திரவமாகப் பீய்ச்சும், காய்ந்தால் ரப்பர் தோலாக மாறும், வேண்டாம் என்றால் விரலால் உரித்துப் போட்டுவிடலாம். வீட்டு முற்றத்திலேயே செய்துவிடக்கூடிய வேலை. வண்ணம் தீட்டிப் பழக்கமில்லாத ஒருவர் துணிந்து கைவைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. சரியாக வராவிட்டால் காரின் அசல் நிறம் உள்ளே அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த வசதி தானாகக் கிடைத்துவிடாது. பூசும்போது காட்டும் பொறுமையைப் பொறுத்துத்தான் பிறகு உரிப்பது எளிதாகவோ கொடுமையாகவோ அமையும்.

பலூனும் ரிம்மும்

இந்தப் பூச்சு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு பலூனை நினைத்துக்கொண்டால் போதும். 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு சிறிய கொட்டகையில் கே.எம். மாமன் மாப்பிள்ளை பொம்மை பலூன்கள் செய்யத் தொடங்கினார். பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்த நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். பலூன் வடிவத்தில் இருக்கும் அச்சை ரப்பர் பாலில் முக்கி எடுத்துக் காயவிட்டால், அச்சின்மேல் மெல்லிய தோல் படிகிறது. அதை உருவி எடுத்தால் பலூன். ரப்பர் தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வலு, அது அச்சைப் பற்றியிருக்கும் வலுவைவிட அதிகம். ஆகவே கிழியாமல் முழுசாகக் கழன்று வருகிறது.

ரிம்மில் பீய்ச்சும் பூச்சும் இதே கணக்கில்தான் நிற்கிறது. சாதாரண பெயிண்ட் அடிப்பதற்கு முன்பு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள்; தேய்த்த கீறல்களுக்குள் பெயிண்ட் இறங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. ரப்பர் பூச்சுக்கு அந்தத் தேய்ப்பு தேவையில்லை. வழவழப்பான பரப்பின்மேல் அது படிந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் டப்பாவுக்குள் இருப்பது மரத்திலிருந்து வடிக்கும் ரப்பர் பால் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும் திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இறங்கினால் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்கள் தொடங்கிவிடும். தமிழ்நாட்டிலும் கன்னியாகுமரி மாவட்டம் ரப்பருக்குப் பேர்போனது. அந்த இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலும் திறந்து கிடந்தால் சீக்கிரம் வெடித்துப் போகும். கந்தகமும் கரித்தூளும் சேர்த்துப் பதப்படுத்திய பிறகுதான் டயராக உழைக்கிறது. ஸ்ப்ரேயில் இருப்பதோ பெட்ரோலியப் பொருள்களிலிருந்து செய்த செயற்கை ரப்பர். சட்டென்று ஆவியாகும் கரைப்பான்களில் அதைக் கரைத்து, நிறமி சேர்த்து, அழுத்த வாயுவோடு டப்பாவில் அடைக்கிறார்கள். பீய்ச்சியதும் கரைப்பான் பறந்துவிடுகிறது. ரப்பர் மட்டும் தங்கிவிடுகிறது.

குறட்டின் பிடியிலிருந்து காருக்கு

உலகெங்கும் இந்த வேலைக்கு மறுபெயர்போல ஆகிவிட்ட பெயர் 'பிளாஸ்டி டிப்'. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிளெய்ன் நகரிலுள்ள நிறுவனம் தயாரிப்பது. 1970-களில் அது விற்கத் தொடங்கியபோது காருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குறடு, கட்டிங் பிளேயர், சுத்தியல் போன்றவற்றின் பிடியை ரப்பர் திரவத்தில் முக்கி எடுத்துக் காயவைத்தால் கை வழுக்காது, மின்வேலையில் பிடிக்கவும் வசதி என்பதுதான் அன்றைய பயன். பிறகு அதே திரவம் ஸ்ப்ரே டப்பாவில் வந்தது. அதைக் காரின் ரிம்மிலும் முன்பக்கக் கிரில்லிலும் அடித்துப் பார்த்தவர்கள், உரித்தால் கழன்றுவிடுகிறது என்று கண்டுகொண்டார்கள். ஜெர்மனியின் ஃபோலியாடெக் போன்ற நிறுவனங்களும் ரிம்முக்கென்றே இப்படிப்பட்ட பூச்சை விற்கின்றன. இந்தியாவில் இவை இணையக் கடைகளிலும் பெரிய நகரங்களின் கார் அலங்காரக் கடைகளிலும் கிடைக்கின்றன. விலை, ஊர் பெயிண்ட் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரேயைவிட அதிகம்.

உரிக்கக்கூடிய பூச்சு என்னும் எண்ணம் இதற்கும் முந்தையது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்கக் கடற்படை, உடனடித் தேவையில்லாத கப்பல்களின் பீரங்கிகளையும் விமானங்களையும் பிளாஸ்டிக் தோல் ஒன்றைப் பீய்ச்சி மூடி வைத்தது. திரும்ப வேண்டும்போது அறுத்து உரித்தால் துரு பிடிக்காத இரும்பு உள்ளே இருந்தது. அணுக்கூடங்களில் சுவரிலும் கருவிகளிலும் படிந்த கதிரியக்கத் தூசியை இப்படிப்பட்ட தோலில் ஒட்ட வைத்து உரித்து எடுக்கிறார்கள். ஈர்ப்பு அலைகளைக் கண்டறியும் லைகோ ஆய்வகத்தின் கண்ணாடிகளை ஒரு தூசிகூட இல்லாமல் துடைக்கவும் உரிக்கும் பூச்சுதான் உதவுகிறது.

இந்த ஊர்களுக்கு எப்போது தோது?

டப்பாவின் முதுகில் அச்சிட்டிருக்கும் குறிப்புகள் வேறு நாட்டுத் தட்பவெப்பத்தை மனதில் வைத்து எழுதியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இந்த இரண்டு ஊர்களுக்கும் தனிக் கணக்கு உண்டு.

சித்திரை, வைகாசி வெயிலில் நின்ற கார் ரிம்மைத் தொட்டால் கை சுடும். அதன்மேல் பீய்ச்சினால் துளிகள் போய்ச் சேர்ந்து பரவுவதற்குள் காய்ந்துவிடும். தோல் வழவழப்பாகப் படியாமல் சொரசொரவென்று தூள் படிந்ததுபோல் ஆகும். அப்படிப் படிந்த பூச்சு உரிக்கும்போது துண்டு துண்டாகத்தான் வரும். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்கும் மேல்காற்று பூச்சில் பாதியைப் பக்கத்து வீட்டு வண்டியின்மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் மிகுந்தால் கறுப்புப் பூச்சின்மேல் வெண்மையாக மங்கல் விழும்.

மிஞ்சிய மாதங்களில் தோதானவை தை, மாசி, பங்குனி. அதிலும் விடியற்காலையில் வேண்டாம். இரும்பின்மேல் பனி ஈரம் இருக்கும். ஈரம் முழுக்க உலர்ந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் உள்ள காலை நேரம்தான் நல்லது. நிழலும் வேண்டும்.

ராஜபாளையத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றுவரை இது நூற்பாலைகளின் ஊர். ஆலையை ஒட்டிய தெருக்களில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். ஈரமாக இருக்கும் ரப்பர் பூச்சில் ஒரு இழை விழுந்தாலும் எடுக்க முடியாது. எடுக்கப் போனால் பூச்சே இழுபடும். வேலை செய்யும் இடத்தில் முன்கூட்டியே தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி வைப்பதும், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மூன்று பக்கம் மறைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகையில் செய்வதும் பலன் தரும்.

வேலை நடக்கும் விதம்

கார் தரையில் நிற்கும்போதே சக்கரத்தின்மேல் பூசலாம் என்று பலரும் காட்டுகிறார்கள். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு செய்வதே நல்லது. கழற்றாமல் செய்தால் பிரேக் தட்டிலும் பூச்சு படும். பிரேக் தட்டும் அதைக் கவ்வும் பாகமும் பிரேக் பிடிக்கும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடாகும் இடங்கள். அங்கே ரப்பருக்கு வேலையே இல்லை. பிளாஸ்டி டிப் தாங்கும் சூடு சுமார் 93 டிகிரி செல்சியஸ் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ரிம் வழக்கமாக அந்தச் சூட்டை எட்டுவதில்லை. ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும் வண்டியின் பிரேக் தட்டு அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

கழற்றியதும் முதல் வேலை சோதனை. பூச்சு மூடும், சரி செய்யாது. ரிம்மில் கீறல்கோடுபோல் விரிசல் இருக்கிறதா, பள்ளத்தில் இறங்கி விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட ரிம்முக்கு வண்ணம் பூசுவது ஆபத்தை மறைத்து வைப்பதாகும். அதை மாற்றியே ஆக வேண்டும். இரும்பு ரிம்மில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகுதான் ரப்பர் பூச்சு. துருவின்மேலேயே மூடினால் அது உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது கழுவுதல். நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு உள்மூலைகள் வரை தேய்த்து, பாலிஷ், மெழுகு எதுவும் இல்லாமல் ஆக்க வேண்டும். கடைசியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த நார் உதிராத துணியால் ஒரு துடைப்பு. பட்டறைப் பழக்கத்தில் பலரும் பெட்ரோலால் துடைப்பார்கள். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். தின்னர் அதைவிட மோசம். கம்பெனி போட்ட கிளியர் கோட்டையே அரித்துவிடும்.

டயரையும் வால்வையும் மறைக்க வேண்டும். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் பழைய விசிட்டிங் கார்டுகளை வரிசையாகச் செருகினால் வட்டமாக ஒரு தடுப்பு அமைந்துவிடும். நட்டு உட்காரும் குழிகளையும், ரிம்மின் பின்பக்கம் அச்சோடு ஒட்டும் தட்டைப் பகுதியையும் மாஸ்கிங் டேப்பால் கட்டாயம் மூட வேண்டும். அங்கே ரப்பர் இருந்தால், நட்டை இறுக்கிய பிறகு அழுத்தத்தில் அது நசுங்கி, இறுக்கம் தளர்ந்துபோகும். ஓடும் வண்டியில் சக்கர நட்டு தளர்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இனிப் பூச்சு. ரிம் ஒன்றுக்கு ஒரு டப்பா என்று கணக்கு வைத்துக்கொண்டால் குறைபடாது. டப்பாவை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். முதல் கோட் மெலிசாக, பழைய நிறம் பாதிக்குமேல் தெரிகிற மாதிரி இருந்தால் போதும். அதிலேயே முழுக்க மறைக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் பூச்சு வழிந்து வடிகிறது. அரைமணி நேர இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கோட்களைக் கொஞ்சம் ஈரம் மின்னும்படி அடிக்கலாம். ஐந்தாவது கோட்டும் போட்டால் நல்லது. எத்தனை கனமான தோலோ அத்தனை எளிதாக உரியும். இரண்டு கோட்டோடு நிறுத்தினால் பார்க்க நிறம் வந்துவிடும். உரிக்கும் நாளில் நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார நேரிடும்.

கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் இழுத்தால் டேப்போடு பூச்சும் சேர்ந்து கிழிந்து வரும். நான்கு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனாலும் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு வண்டியை எடுப்பதே முறை. சக்கரத்தை மாட்டியதும் நட்டுகளை வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள இறுக்கத்துக்கு முறுக்கி, கொஞ்சத் தூரம் ஓட்டியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

மூச்சும் தீயும்

ரப்பர் என்று பெயர் இருப்பதால் இது சாதுவான பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. இத்தகைய ஸ்ப்ரேக்களில் டொலுவீன், ஹெக்சேன், நாப்தா போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. கொஞ்ச நேரம் சுவாசித்தாலே தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். ஹெக்சேன் ஆவியைத் தொடர்ந்து நெடுநாள் சுவாசித்தால் கைகால் நரம்புகள் பாதிக்கப்படும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பேர்போன ஊர். முகக்கவசத் துணிக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. ஆனால் துணிக் கவசமோ மருத்துவக் கவசமோ தூசியையும் துளியையும் மட்டும்தான் தடுக்கும்; ஆவி அதன் வழியே தடையில்லாமல் உள்ளே போகும். செயலூட்டிய கரி வடிகட்டி பொருத்திய, கரைப்பான் ஆவிக்கென்றே செய்த கவசம்தான் தேவை. கையில் நைட்ரைல் உறை வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. மூடிய கார் ஷெட்டில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

தீயைப் பற்றிச் சிவகாசியைத் தன்னுள்ளே கொண்ட விருதுநகர் மாவட்டத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே எதிரி கண்ணுக்குத் தெரியாது. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பரவும். திறந்த வாசல் வழியாக உள்ளே போய்ப் பூஜை விளக்கையோ அடுப்பையோ தொடலாம். தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் போடும்போது தெறிக்கும் பொறி போதும், பற்றிக்கொள்ளும். டப்பாவைத் தள்ளும் வாயுவும் பெரும்பாலும் சமையல் எரிவாயு இனத்தைச் சேர்ந்ததே. 50 டிகிரிக்கு மேல் சூடாகாமல் டப்பாவை வைத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைத்தால் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. தீர்ந்த டப்பாவைக் குப்பையோடு கொளுத்தினால் வெடிக்கும். உரித்த ரப்பரையும் எரிக்கக் கூடாது.

பூசிய பிறகு

இந்தப் பூச்சுக்குப் பெரிய பகை பெட்ரோலும் டீசலும். கரைத்துவிடும். வாட்டர் சர்வீஸ் கொடுக்கும்போது வண்டியின் அடிப்பாகத்தில் டீசலோ பழைய ஆயிலோ பீய்ச்சும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. ரப்பர் பூசிய வண்டி என்றால் அது வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அழுத்தத் தண்ணீரை விளிம்புக்கு மிக அருகில் பிடித்தாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் மீதியும் தானே வரும். முதல் வாரம் கழுவாமல் விடுவதும், பிறகு கையால் சோப்புத் தண்ணீர் கொண்டு கழுவுவதும் நல்லது.

டயர் மாற்றும் கடையிலும் கவனம் தேவை. டயரைப் பிரிக்கும் இயந்திரத்தின் கொக்கி பூச்சை அறுக்கும். வீல் பேலன்சிங்கில் ஒட்டும் ஈய எடை ரப்பரின்மேல் ஒட்டினால் வேகத்தில் ரப்பரோடு சேர்ந்து பறந்துபோகும். எடை ஒட்டும் உள்வளையத்தைப் பூசாமலே விட்டுவிடுவது எளிய வழி. டயர் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் அதை முடித்துவிட்டுப் பூசலாம்.

ஓரிரு ஆண்டுகள் கழித்து வெயிலில் நிறம் மங்கலாம், மண் அடித்து ஆங்காங்கே பெயரலாம். அப்போது இளவெயிலில் ரிம்மைக் கொஞ்சம் சூடாகவிட்டு, ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தால் தோல் சுருண்டு எழும். பிடித்து இழுத்தால் பெரிய பெரிய துண்டுகளாக வரும். மெலிந்துபோய் வர மறுத்தால் அதன்மேலேயே இன்னும் இரண்டு கோட் கனமாக அடித்துக் காயவிட்டு உரிக்கலாம். புதுத் தோல் பழையதையும் சேர்த்து இழுத்து வந்துவிடும்.

சட்டத்தைப் பற்றியும் சிலருக்குத் தயக்கம் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் பதிவாவது வண்டியின் உடல் நிறம்; ரிம்மின் நிறம் அல்ல. ஆகவே ரிம்மோடு நிறுத்திக்கொண்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. முழு வண்டியையும் வேறு நிறத்துக்கு மாற்றினால் கதை வேறு. உரிக்கக்கூடிய பூச்சாக இருந்தாலும் பதிவில் உள்ள நிறத்தோடு வண்டி ஒத்துப்போகாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் நிறத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். விளக்குகள், எதிரொளிப்பான்கள், நம்பர் பிளேட் ஆகியவற்றின்மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது.

புதிதாக முயல்பவர்கள் அலாய் வீலில் தொடங்க வேண்டியதில்லை. இந்த ஊர்களில் ஓடும் கார்களில் ஏராளமானவை இரும்பு ரிம்மும் அதன்மேல் பிளாஸ்டிக் வீல் கேப்பும் உள்ளவைதான். வீல் கேப்புக்கு ஜாக்கி வேண்டாம், நட்டைத் தொட வேண்டாம். கையால் நெம்பினாலே வந்துவிடும். தை மாதத்தில் ஒரு காலையில் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக் கழுவி, ஐந்து கோட் அடித்து, மறுநாள் ஒரு மூலையை உரித்துப் பார்க்கலாம். தோல் முழுசாக வந்தால் கனம் சரி என்று பொருள். அந்த அளவை நினைவில் வைத்துக்கொண்டு மீதி மூன்றையும், அதன் பிறகு ரிம்களையும் தொடலாம்.